பெர்மிட் இருக்கு என்கிறார்கள், எங்களிடம் யார் கேட்டது?



கோட்டைக்குள் இருப்பவர்களுக்கும், வெளியே போய்க் குடியேறினாலும் உம்மா வாப்பா இன்னும் இங்கே இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

காலிக் கோட்டைக்குள் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். "பெர்மிட் இருக்கு." வீட்டு வாசலை மறித்து லொறியை ஏன் போட்டீர்கள்? பெர்மிட் இருக்கு. ராத்திரியில் ஏன் மைக்கில் கத்துகிறீர்கள்? பெர்மிட் இருக்கு. எங்கள் தெருவில் எங்களையே ஏன் பத்து நிமிடம் நிற்பாட்டி வைக்கிறீர்கள்? அதற்கும் பெர்மிட் இருக்கு. கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு வோக்கி டோக்கி, வயது இருபது கூட இருக்காது. அந்தப் பையன் கையைக் காட்டினால் தொழுகைக்குப் போகிற அறுபத்தைந்து வயது மனிசர் நிற்க வேண்டும்.

சரி, அந்தப் பெர்மிட்டைக் காட்டுங்கள் என்று எங்களில் நாலு பேர் ஒரு நாள் இறங்கிப் போய்க் கேட்டோம். மெனேஜரிடம் இருக்கிறது என்றார்கள். மெனேஜர் எங்கே? வேனில். வேன் எங்கே? வரும். மூன்றாம் தடவை கேட்ட பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இடம் என்பதற்கு நேராக 'காலிக் கோட்டை' என்று இருந்தது. எந்தத் தெரு என்று இல்லை. எத்தனை வாகனம் என்று இல்லை. ஜெனரேட்டர் என்ற சொல்லே இல்லை. நேரம் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. நாங்கள் லைட் வெளிச்சத்தில் அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தபோது மணி இரவு 10.40.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். நேரம் எழுதாத பாடக்குறிப்பை விரிவுரையாளர் வாசிக்கவே மாட்டார், அப்படியே திருப்பித் தருவார். நாற்பது நிமிடப் பாடத்துக்கே அப்படி. ஒரு தெருவை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு வரி போதுமாம்.

எந்தக் கம்பனி, எந்த அலுவலகம் என்று இங்கே பெயர் போட மாட்டோம். ஒருவரை மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை. ஒரு கம்பனி போனால் அடுத்தது வரும், அதே தாளோடு வரும்.

இந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரு ஷூட்டிங்குக்கு ஒரு பெர்மிட் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் மதிலுக்கும் கொத்தளத்துக்கும் தொல்பொருள் பக்கம் ஒரு அனுமதி. தெருவுக்கு உள்ளூராட்சிப் பக்கம் ஒன்று. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் பக்கம். ஒவ்வொருவரும் தங்களுக்குச் சொந்தமான துண்டை மட்டும் பார்க்கிறார்கள். மதிலைப் பார்ப்பவர் மதிலில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். மிகவும் சரி. வானத்தைப் பார்ப்பவர் வானத்தைப் பார்க்கிறார். மதிலுக்கும் வானத்துக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம். சமைக்கிறோம், தூங்குகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அந்தத் துண்டைப் பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை. நாலு பேரும் கொடுத்த நாலு தாளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து "ஊரே எங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கு" என்கிறார்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கோட்டைக்குள் வாகனம் நுழைய இருப்பது இரண்டே வாசல். ஒன்று 1669 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் காலத்துப் பழைய வாசல். மற்றது 1873 இல் வெள்ளைக்காரன் மதிலை உடைத்துத் திறந்த பெரிய வாசல். உள்ளே இருக்கும் தெருக்களின் கோலம் ஒல்லாந்தர் போட்டது. மாட்டு வண்டிக்குப் போட்ட தெரு. லெய்ன் பான் வீதியில் ஒரு பக்கம் ஒரு வேனை நிறுத்தினால் மற்றப் பக்கம் ஓட்டோ போகும், அதுவும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு. அதற்குள் ஜெனரேட்டர் லொறி ஒன்று, லைட் லொறி ஒன்று, யுனிட் பஸ் ஒன்று, சாப்பாட்டு வேன், நடிகைக்குக் கேரவன், தயாரிப்பாளருக்கு ஜீப். முதல் நாள் இரவே நாலு ஆரஞ்சு நிறக் கோனை வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். சொந்த வீட்டின் முன்னால் சொந்த மோட்டார் சைக்கிளை நிறுத்தப் போனால் "அங்கிள், ஃபிரேமில் விழுது" என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மூத்தவர் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் கராப்பிட்டிக்கு டயலிசிஸ் போகிறவர். விடியக்காலை ஐந்துக்கு ஓட்டோ வாசலுக்கு வரும். அன்றைக்கு வரவில்லை, வர ஏலாது. தெருமுனையில் லொறி, லொறிக்குப் பின்னால் பஸ், சாரதிமார் இருவரும் எங்கோ தூக்கம். கடைசியில் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனோம். குறை சொல்லக் கூடாது, படக் கம்பனிப் பையன்மார் இரண்டு பேர் ஓடிவந்து கதிரைக் காலைப் பிடித்தார்கள். ஒருவன் "சொரி அங்கிள்" என்று அவருடைய கையைத் தடவிவிட்டான். நல்ல பிள்ளைகள். பதினாறு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கே தெரியாது அந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று. அவர்களுக்குச் சொல்லவும் ஒருவரும் இல்லை, எங்களிடம் கேட்கவும் ஒருவரும் இல்லை. லொறியை அங்கே போடச் சொன்ன தாளில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

மூத்தவர் திரும்பி வந்து சொன்னது: "மையித்தாத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒத்திகை பாத்தீங்களா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிச் சத்தம்.

ஜெனரேட்டர் சத்தத்துக்கு ஒரு மாதிரிப் பழகலாம். அது ஒரே சீராக ஓடும். பழக முடியாதது வெளிச்சம். இரவு இரண்டு மணிக்குப் பெரிய லைட்டை எதிர் வீட்டுச் சுவருக்கு அடித்தால் பாதி வெளிச்சம் எங்கள் படுக்கையறைக்குள் இருக்கும். காலையில் முதலாம் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கேட்டால், "ராவையில சூரியன் வந்திச்சு டீச்சர்" என்கிறது. வகுப்பே சிரிக்கிறது. ஓ/எல் எடுக்கப் போகிற பிள்ளை வீட்டில் படிக்க இடமில்லாமல் கராப்பிட்டிப் பக்கம் மாமி வீட்டில் போய் நிற்கிறது. சொந்த ஊரில் சொந்த வீடு இருந்தும்.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த இரண்டும் இல்லை. ஒரு கூட்டக் காட்சி.

இரவு பதினொன்றுக்குப் பிறகு. திடீரென்று ஐம்பது அறுபது ஆம்பிளைகள் சத்தம் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார்கள். கையில் பொல்லு, சிலரிடம் தீப்பந்தம். கதவில் அடிக்கிற சத்தம், எங்கோ கண்ணாடி உடைகிற சத்தம். "கட்" என்று ஒரு குரல் கேட்கும் வரை அது சினிமா என்று தெருவில் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற ஒரு ராத்தா கிந்தோட்டையில் இருந்து வந்தவர். 2017 நவம்பரில் அங்கே நடந்ததை வீட்டுக்குள் இருந்து பார்த்தவர். அவர் லைட்டை எல்லாம் அணைத்து, இரண்டு பிள்ளைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். பிள்ளைகளுடைய வாயையும். காட்சியை ஐந்து தடவை எடுத்தார்கள். முதல் தடவையோடு அது சினிமா என்று அவருக்கும் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லையாம், விடியும் வரைக்கும்.

அளுத்கம 2014. கிந்தோட்டை 2017. திகன 2018. இந்த நாட்டில் இரவில் கூட்டமாக ஓடி வரும் சத்தம் எங்களுக்கு எதைச் சொல்லும் என்று ஒரு டைரக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். அனுமதி கொடுக்கும் கதிரையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் சிங்கள அயலவர்களும் அன்றைக்குப் பயந்துபோனார்கள், 83ஐயும் 89ஐயும் பார்த்தவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் காட்சியை எடுக்க வேண்டாம் என்றுகூட நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படியான கதைகள் படமாக வரத்தான் வேண்டும். பகலில் ஒரு துண்டுத் தாளைக் கதவுக்கு அடியால் போட்டிருந்தால் போதும்: இன்றைக்கு இரவு இத்தனை மணிக்கு இந்தத் தெருவில் ஒரு கலவரக் காட்சி எடுக்கிறோம், பயப்பட வேண்டாம். அந்தத் தாளின் விலை ஐந்து ரூபாய் இருக்குமா?

சத்தத்துக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அது எங்களுக்கு மனப்பாடம், ஏனென்றால் அது எங்களை வைத்துத்தான் வந்தது.

2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெலிகாமத்தில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கியைப் பற்றிய வழக்கில் வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று பொலிசுக்கு வழிகாட்டல் வந்தது. விசேட நிகழ்வுக்கு அந்த நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அயலில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், கொடுத்ததை அவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதுதான் அதன் அடிப்படை.

அந்த நேரம் எங்கள் ஆட்களுக்கு அது கசந்தது. கசக்கத்தான் செய்யும். எத்தனை ஊரில் ஹோர்னை உள்பக்கம் திருப்பினார்கள், எத்தனை ஊரில் சுபஹ் பாங்கின் சத்தத்தைக் குறைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது நிதானமாக யோசித்தால், அந்தத் தீர்ப்பில் இருப்பது நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரர் நோயாளியாக இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம், அவர் வேறு மதமாக இருக்கலாம். அவருடைய தூக்கம் அவருடையது. இதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. இரண்டு நிமிடப் பாங்குக்கு உள்ள சட்டம், இரவு பன்னிரண்டரைக்கு ஒரே பாட்டின் ஒரே வரியைப் பதினெட்டுத் தடவை ஸ்பீக்கரில் ஓடவிடுகிற ஷூட்டிங்குக்கு ஏன் இல்லை? அந்தத் தீர்ப்பு பள்ளிக்கு மட்டும் வந்ததா? பன்சலைக்கும் கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் லொத்தர் விற்கிற வேனுக்கும் எல்லாருக்கும்தான் வந்தது. ஸ்பீக்கர் ஸ்பீக்கர்தான். அதற்கு முன்னால் ஓதுகிறார்களா ஆடுகிறார்களா என்று சட்டம் பார்ப்பதில்லை.

ஜெனரேட்டர் ஒலிபெருக்கி இல்லையே என்று ஒரு நண்பர் மடக்கினார். அதற்கும் இருக்கிறது. 1996 இல் சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிகளில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இரவு நேரத்துக்கான அளவு 50 டெசிபல். நாங்கள் இருவர் சாதாரணமாக நின்று கதைத்தாலே 60க்குக் கிட்ட வரும். ஜன்னலுக்கு மூன்று அடியில் ஓடுகிற டீசல் எஞ்ஜின் எவ்வளவு என்று அளந்து பார்க்க விஞ்ஞான டீச்சர் தேவையில்லை.

எனவே சட்டம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைப் பெர்மிட் தாளில் எழுதுவதற்கு ஒரு பேனைதான் இல்லை.

"டொலர் வருது, சும்மா இருங்க" என்பவர்களுக்கு வருகிறோம். அவர்களும் எங்கள் ஆட்கள்தான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு கோட்டை எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். கொரோனாவில் தெரியும். 2022 இல் கேஸ் இல்லாமல், பெற்றோல் இல்லாமல், ஒரு வெள்ளைக்காரன் முகத்தைக் காணாமல் இரத்தினக்கல் கடைக்காரர் கடையை மூடிவைத்துவிட்டு உள்ளே படுத்திருந்ததும் தெரியும். படக் கம்பனி ஒன்று வந்தால் கெஸ்ட் ஹவுஸ் நிறையும், கடையில் தண்ணிப் போத்தல் ஓடும், ரொட்டிக் கடைக்காரர் விடிய விடியக் கல்லை அணைக்க மாட்டார். எங்கள் பையன்மார் சிலருக்கு நாள் கூலி கிடைக்கிறது. உனவட்டுனப் பக்கம் எடுத்த பிரிட்டிஷ் ஆஸ்பத்திரித் தொடர் 2017 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களும் இருக்கிறார்கள் (மேலே சொன்ன எதுவும் அவர்களைப் பற்றியதல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்). வருமானம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்களும் இல்லை, நீங்களும் இல்லை.

ஆனால் அந்தக் காசு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். வீட்டை ஷூட்டிங்குக்குக் கொடுத்தவருக்குக் காசு. எதிர் வீட்டுக்காரருக்கு ஜெனரேட்டர். முற்றத்தை வாடகைக்கு விட்டவர் இரண்டு நாளைக்குக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். சுவருக்கு மறுபக்கம் இருக்கிற கிழவிக்குப் போக இடமில்லை. லாபம் ஒருவருடைய சட்டைப்பைக்கு, சத்தம் பதினைந்து வீட்டுக்கு. இதை ஊருக்கு வருமானம் என்று எப்படிச் சொல்வது?

வீட்டைக் கொடுக்கும் நானாமாரே, கோபிக்க வேண்டாம். உங்கள் வீடு, உங்கள் உரிமை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நடிகர் யார் என்று கேட்கிறீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். லொறியை எங்கே போடுவாய், எத்தனை மணிக்கு நிற்பாட்டுவாய் என்று இரண்டு கேள்வி கூடக் கேட்டால் என்ன குறையும்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "நாளைக்கும் நாளை மறுநாளும் கொஞ்சம் சத்தமாக இருக்கும், மாமிக்கு ஏதும் கஷ்டமா?" என்று கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. அயலவரின் ஹக்கைப் பற்றி வெள்ளிக்கிழமை குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். சோற்றுக் கோப்பையை மதிலுக்கு மேலால் நீட்டுவது மட்டுமா ஹக்?

இன்னொரு விசயம். "குடியிருப்பாளர்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதத்தை இவர்கள் காட்டுவதுண்டு. நாங்கள் பார்த்த ஒன்றில் நாலு கையெழுத்து இருந்தது. ஒன்று யாருடையது என்று வாசிக்க ஏலாது. இரண்டு பேர் கோட்டையில் வீடு வைத்திருப்பவர்கள், ஆனால் இங்கே இருப்பவர்கள் இல்லை, வருடத்தில் பத்து நாள் வந்து போகிறவர்கள். நாலாமவர் எங்கள் ஆள்தான், எதற்குக் கையெழுத்து வைத்தோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஒரு பையன் வந்து கேட்டான், வைத்தேன் என்கிறார். தயவுசெய்து வாசித்துவிட்டு வையுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், ஓ/எல் படிக்கிற பேரனையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

முந்தி ஒரு காலத்தில் இந்த நாட்டில் எடுத்த பெரிய படம் என்று எல்லாரும் சொல்வது க்வாய் நதிப் பாலப் படம். 1957 இல் வந்தது. கித்துல்கலயில் களனி கங்கைக்கு மேலால் பாலத்தைக் கட்டி, அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆற்றுக்கு மேலால் தகர்த்தார்கள், அடுப்படிக்கு முன்னால் இல்லை. எங்களுக்குச் சினிமாவோடு பகை இல்லை, பாலத்தைக்கூடத் தகர்க்கட்டும், எங்கே என்பதுதான் கேள்வி.

சினிமாவின் தலைநகரம் என்று சொல்கிற லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் எப்படி என்று தேடிப் பார்த்தோம். அங்கே அனுமதியை ஒரே இடத்தில் ஒருங்கிணைக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் வழமையான நேரம் கிழமை நாட்களில் காலை 7 முதல் இரவு 10 வரை, சனி ஞாயிறு காலை 9க்குத்தான் தொடக்கம். 500 அடிச் சுற்றுவட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் போகிறது. வழமையான நேரத்துக்கு வெளியே எடுக்க வேண்டுமென்றால் அயல் வீடுகளில் கருத்துக் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டி வரும். அங்கேயும் ஆட்கள் முறைப்பாடு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், அது சொர்க்கம் இல்லை. ஆனால் முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இங்கே படம் எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் இந்த விதிகளுக்குப் பழகியவர்கள்தான். நாங்கள் கேட்டால் தருவார்கள். கேட்காதவரிடம் எதற்குத் தருவது?

1988 இல் யுனெஸ்கோ எங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? காலிப் பழைய நகரமும் அதன் அரண்களும். நகரம் முதலில், மதில் பிறகு. வெறும் மதிலுக்கும் வெளிச்சவீட்டுக்கும் கிடைத்த மரியாதை இல்லை அது. உள்ளே ஆட்கள் இருந்து, பள்ளியும் பன்சலையும் சேர்ச்சும் நடந்து, பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்வருகிற ஒரு ஊருக்குக் கிடைத்தது.

அந்த ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எத்தனை வீடு கைமாறியது என்று உங்கள் தெருவில் நீங்களே விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள். நல்ல விலை வந்தது, விற்றார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விற்காமல் இருப்பவர்கள் எதற்காக இருக்கிறார்கள்? பள்ளி பக்கத்தில் இருக்கிறது, அயலவர் பழக்கம், பின்னேரம் மதிலில் காற்று வாங்கலாம், ராத்திரியில் அமைதி. அந்த அமைதியையும் எடுத்துவிட்டால், அடுத்த முறை தரகர் வாசலுக்கு வரும்போது எதைச் சொல்லி மறுப்பது? ஒருவரும் குடியிருக்காத கோட்டையில் ஷூட்டிங் எடுப்பது மிகவும் சுலபம். மறிக்க வாசலே இருக்காது.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வாகனம் என்று பெர்மிட்டில் எழுத வேண்டும். அதைத் தெருமுனையில் ஒட்ட வேண்டும், மூன்று மொழியிலும், அழைத்தால் ஒருவர் பேசுகிற தொலைபேசி இலக்கத்தோடு. மூன்று நாளைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவித்தல் வர வேண்டும். பெரிய லொறியும் பஸ்ஸும் மதிலுக்கு வெளியே நிற்கட்டும், சாமானைச் சின்ன வேனில் உள்ளே கொண்டுவரலாம், கல்யாண வீட்டுக்கு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒரு அம்புலன்ஸ் போகும் அளவு இடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும், சாரதி வாகனத்திலேயே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பாடசாலை விடும் நேரத்திலும் தெருவை மூடக் கூடாது. பத்து மணிக்குப் பிறகு ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் இல்லை, வேண்டுமென்றால் அயலைக் கேட்டுவிட்டு. துப்பாக்கிச் சத்தம், கூட்டக் காட்சி, நெருப்பு என்றால் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். ஒரு வைப்புப் பணமும் கட்டட்டும், விதியை மீறினால் அதில் வெட்டித் தெருவின் வடிகானைத் துப்புரவாக்கலாம்.

(திருமணப் போட்டோ எடுக்க வருகிற சோடிகளைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் மெசேஜ் போட்டிருந்தீர்கள். அவர்கள் வந்து, சிரித்து, போய்விடுகிறார்கள். விடுங்கள்.)

இவ்வளவும் ஒரு கடிதமாகச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் சிங்கள அயலவர்கள் ஒன்பது பேர் ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள், முதலாவது கையெழுத்தே அவர்களுடையதுதான். தாள் வெள்ளிக்கிழமை அஸர் வரைக்கும் லெய்ன் பான் மூலையில் உள்ள பேக்கரியில் இருக்கும். கோட்டைக்குள் குடியிருப்பவர்கள் மட்டும் வையுங்கள், வீட்டு இலக்கத்தோடு, வாசிக்கக்கூடிய எழுத்தில். வெளியூரில் இருப்பவர்கள் வைக்க வேண்டாம், அதே பிழையை நாங்களும் செய்யக் கூடாது. பெண்கள் பேக்கரிக்குப் போக வசதியில்லை என்றால் சொல்லுங்கள், டீச்சர்மார் இருவர் வியாழன் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

அடுத்த மாதம் ஒரு கம்பனி வருகிறது என்று கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் கதைக்கிறார்கள். எந்தத் தெரு என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.